பற்பசையில் உள்ள ஃபுளோரைடை வீணாக்காமல் பயன்படுத்துவது எப்படி?

பல் டாக்டர் என் மேல்வரிசைப் பல் ஒன்றைச் சின்னக் காற்றுக்குழாயால் ஊதி உலர்த்தினார். கண்ணாடியைக் கையில் கொடுத்து, "இப்போ பாருங்க" என்றார். தினமும் பார்க்கிற பல்தான். ஆனால் ஈறை ஒட்டி, சுண்ணாம்பு தடவினாற்போல ஒரு வெள்ளைக் கீற்று தெரிந்தது. நாக்கால் தடவினேன். எச்சில் பட்டதும் கீற்று பாதி மறைந்துவிட்டது.

"சொத்தையா?"

"சொத்தைக்கு முந்தின கட்டம். இன்னும் ஓட்டை விழலை. தோண்ட வேண்டாம், இப்பவே கவனிச்சா நிறுத்திடலாம்" என்றவர் அடுத்து கேட்டார்: "பல் தேய்ச்சு முடிச்சதும் எத்தனை தடவை கொப்பளிப்பீங்க?"

நாலைந்து தடவை என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. அவர் சிரித்துவிட்டார். பல்லைக் காப்பாற்றுகிற சரக்கான ஃபுளோரைடை இரண்டு நிமிடம் பூசிவிட்டு, பத்தே விநாடியில் கழுவிக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இப்படித்தான் நம்மில் பெரும்பாலோர் செய்கிறோம் என்பதால்தான் இந்தக் கட்டுரை. படிகளுக்குப் போகும் முன் பல்லுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். அது புரிந்தால் படிகள் தாமாகவே நினைவில் நிற்கும்.

எனாமல் எப்படிக் கரைகிறது

பல்லின் வெளிப்போர்வையான எனாமல்தான் நம் உடம்பிலேயே கடினமான பொருள். எடையில் சுமார் 96 சதவீதம் தாது. ஹைட்ராக்சிஅபடைட் என்கிற கால்சியம் பாஸ்பேட் படிகங்கள் நெருக்கமாக அடுக்கப்பட்ட சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடிக்கும் முனையில் அதிகபட்சம் இரண்டரை மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். ஈறை நோக்கி வர வர மெலிந்து, பல்லின் கழுத்தில் ஓரமாகத் தேய்ந்து முடிந்துவிடும்.

இந்தச் சுவரைக் கட்டிய செல்கள் பல் முளைத்து வெளியே வரும்போதே காணாமல் போய்விடுகின்றன. எலும்பு முறிந்தால் உடம்பு உள்ளிருந்து ஒட்டவைக்கும். எனாமலுக்கு அந்த வசதி கிடையாது. பழுது பார்க்கச் சாமான் வர வேண்டுமென்றால் வெளியிலிருந்து, அதாவது எச்சிலிலிருந்துதான் வர வேண்டும்.

பல்லின் மேல் படியும் வழவழப்பான படலத்தில் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. நாம் சர்க்கரை சாப்பிட்டால் அவையும் சாப்பிட்டு, லாக்டிக் அமிலத்தைக் கழிவாக விடுகின்றன. சில நிமிடங்களிலேயே படலத்தின் பிஎச் அளவு (எண் குறையக் குறைய அமிலம் அதிகம் என்று அர்த்தம்) 7-க்குப் பக்கத்திலிருந்து சடாரென்று இறங்கும். ஏறத்தாழ 5.5-க்குக் கீழே போனதும் எனாமல் படிகங்கள் கரையத் தொடங்கும். கால்சியமும் பாஸ்பேட்டும் பல்லை விட்டு வெளியேறும். பிறகு எச்சில் அமிலத்தை மெல்ல மெல்ல மட்டுப்படுத்தும். இதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகலாம். பிஎச் ஏறியதும், எச்சிலில் ஏற்கெனவே நிறைந்திருக்கும் கால்சியமும் பாஸ்பேட்டும் திரும்பப் பல்லுக்குள் படியும்.

போவதும் வருவதுமாக இது ஒவ்வொரு நாளும் பல முறை நடக்கிறது. வரவைவிடச் செலவு தொடர்ந்து அதிகமானால் சொத்தை. கணக்கு அவ்வளவுதான்.

என் பல்லில் இருந்த வெள்ளைக் கீற்று, வரவு குறைந்துவிட்டதன் அடையாளம். தாது வெளியேறும்போது மேற்பரப்பு ஓரளவு அப்படியே நிற்கும். அதற்கு அடியில்தான் நுண்ணிய துளைகள் விழும். அந்தத் துளைகளில் எச்சில் நிரம்பியிருக்கும்வரை கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. உலர்த்தியதும் காற்று புகுந்து, ஒளி சிதறி, வெள்ளையாகத் துலங்குகிறது. இதைத் தெரிந்துகொண்டபின் ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ஊக்காலோ குச்சியாலோ அந்த இடத்தைச் சுரண்டிப் பார்க்காதீர்கள். மேலே மிச்சமிருக்கும் மெல்லிய கூரையையும் நீங்களே உடைத்துவிடுவீர்கள்.

ஃபுளோரைடு எங்கே உள்ளே வருகிறது

அமிலம் தாக்கும் நேரத்தில் படிகத்தைச் சுற்றியுள்ள ஈரத்தில் கொஞ்சம் ஃபுளோரைடு இருந்தால், அது படிகத்தின் மேல் ஒட்டிக்கொண்டு கரைவதைத் தாமதப்படுத்துகிறது. பிஎச் ஏறத் தொடங்கியதும் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் இழுத்துக்கொண்டு வந்து படியவைக்கிறது. இப்படிப் புதிதாகப் படிவதில் பழைய படிகத்தில் ஹைட்ராக்சில் என்கிற கூறு இருந்த இடத்தில் ஃபுளோரைடு உட்கார்ந்துவிடுவதால், கிட்டத்தட்ட ஃபுளோர்அபடைட் போன்ற படிகம் உருவாகிறது. அது கரைய பிஎச் சுமார் 4.5 வரை இறங்க வேண்டும். பழைய சரக்கைவிடப் புதுச் சரக்கு உறுதி! பாக்டீரியா அமிலம் தயாரிப்பதையும் ஃபுளோரைடு ஓரளவு தடுக்கும். ஆனால் அது உபரி லாபம்தான். முக்கிய வேலை முதல் இரண்டும்.

ஒரு காலத்தில் இதை வேறு மாதிரி நினைத்தார்கள். கதை அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகரில் தொடங்குகிறது. 1901-இல் அங்கே தொழில் தொடங்கிய பல் மருத்துவர் ஃபிரெடரிக் மெக்கே, ஊர்க்காரர்களின் பற்களில் பழுப்புக் கறை இருப்பதையும், அந்தக் கறைப் பற்களில் சொத்தை குறைவாக இருப்பதையும் கவனித்தார். காரணம் குடிநீரில் உள்ள ஃபுளோரைடு என்று 1931-இல்தான் தெரிந்தது. 1945-இல் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரம், உலகிலேயே முதன்முதலாகக் குடிநீரில் அளவோடு ஃபுளோரைடைச் சேர்த்தது. குழந்தை விழுங்கும் ஃபுளோரைடு, உள்ளே உருவாகிக்கொண்டிருக்கும் பல்லுக்குள் சேர்ந்து காலத்துக்கும் கவசமாக இருக்கும் என்பதுதான் அன்றைய எண்ணம்.

அந்த எண்ணத்தை அசைத்தவற்றில் சுறாவின் பல்லும் ஒன்று. சுறாப் பல்லின் எனாமல் ஏறக்குறைய முழுக்க ஃபுளோர்அபடைட். அதில் ஒரு துண்டை எடுத்து, மனித வாய்க்குள் படலம் சேரும்படி பொருத்திப் பார்த்தார்கள். அதுவும் தாதுவை இழந்தது. ஆக, படிகத்துக்குள் பூட்டிக் கிடக்கும் ஃபுளோரைடு மட்டும் பல்லைக் காப்பாற்றிவிடாது. பல்லைச் சுற்றியுள்ள ஈரத்தில், கொஞ்சமாக இருந்தாலும் ஓயாமல் இருக்கும் ஃபுளோரைடுதான் பெரும்பகுதி வேலையைச் செய்கிறது. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்: கொஞ்சம் ஃபுளோரைடு, நெடுநேரம் வாயில்.

படி 1: டியூபைத் திருப்பிப் படியுங்கள்

முன்பக்கம் இருக்கிற பளபளப்பு, பனிமலை, புதினா இலை எதையும் பார்க்க வேண்டாம். பின்பக்கம் பொடி எழுத்தில் இரண்டு விஷயங்களைத் தேடுங்கள்.

முதலாவது, ஃபுளோரைடு இருக்கிறதா என்பது. சோடியம் ஃபுளோரைடு, சோடியம் மோனோஃபுளோரோபாஸ்பேட், ஸ்டானஸ் ஃபுளோரைடு, அமின் ஃபுளோரைடு இவற்றில் ஏதாவது ஒன்றின் பெயர் இருக்கும். மூலிகை, கரி என்று விற்கப்படும் பல பசைகளில் இது இருக்காது. அவை பல்லைத் துலக்கும். போன தாதுவைத் திரும்பக் கொண்டுவர உதவாது.

இரண்டாவது, எவ்வளவு என்பது. பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்பது) என்று ஓர் எண் போட்டிருந்தால், 1000-க்கும் 1500-க்கும் இடையில் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு 1450 நல்ல அளவு. சிலவற்றில் பிபிஎம் போடாமல் சதவீதம் மட்டும் போட்டிருப்பார்கள். சோடியம் ஃபுளோரைடு 0.22 சதவீதம் என்றால் சுமார் 1000 பிபிஎம்; 0.32 என்றால் சுமார் 1450. மோனோஃபுளோரோபாஸ்பேட் 0.76 சதவீதம் என்றால் சுமார் 1000.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பசையில் தேய்ப்பதற்காகச் சேர்க்கும் பொடி சுண்ணாம்புக்கல் வகையாக (கால்சியம் கார்பனேட்) இருந்தால், கூடவே மோனோஃபுளோரோபாஸ்பேட் இருப்பதுதான் முறை. சோடியம் ஃபுளோரைடைப் போட்டால் அது டியூபுக்குள்ளேயே கால்சியத்தோடு சேர்ந்து முடங்கிவிடும்.

அப்புறம், டியூபின் அடியில் இருக்கும் பச்சை, கறுப்பு, சிவப்புப் பட்டை. பச்சை என்றால் இயற்கை, கறுப்பு என்றால் ரசாயனம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது கட்டுக்கதை. டியூபை எங்கே வெட்டி மடிக்க வேண்டும் என்று இயந்திரத்துக்குக் காட்டும் அடையாளம் அது. உள்ளே இருக்கும் பசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

படி 2: விளம்பரத்தைப் பார்த்து அளவு போடாதீர்கள்

விளம்பரத்தில் பிரஷ் முழுக்க அலையாகப் பிதுக்குவார்கள். பார்க்க அழகாக இருக்கும், டியூபும் சீக்கிரம் தீரும். பெரியவர்களுக்கு அதில் பாதியே தாராளம்.

குழந்தைகள் விஷயத்தில் அளவு மிக முக்கியம். முதல் பல் முளைத்ததிலிருந்து 3 வயது வரை ஓர் அரிசி அளவு, 3 முதல் 6 வயது வரை ஒரு பட்டாணி அளவு. பசையைப் பெரியவர்கள்தான் வைத்துக் கொடுக்க வேண்டும். அந்த வயதில் துப்பத் தெரியாது. போட்டதில் பாதி வயிற்றுக்குள்தான் போகும். 1000 பிபிஎம் பசை ஒரு கிராமில் 1 மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்கிறது. அரிசி அளவு என்பது சுமார் 0.1 கிராம், முழுதாக விழுங்கினாலும் 0.1 மில்லிகிராம்தான்.

இதில் ஏன் இவ்வளவு கறார் என்றால், சுமார் 8 வயது வரை நிலைப்பற்கள் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் தினமும் அளவுக்கு மீறி விழுங்கினால், பின்னால் முளைக்கும் பற்களில் வெள்ளைத் திட்டுகளோ கோடுகளோ வரலாம். மெக்கே பார்த்த பழுப்புக் கறை இதன் கடுமையான வடிவம்தான். அதற்காகப் பயந்து ஃபுளோரைடே இல்லாத பசைக்குப் போவது என் பார்வையில் தவறு. பால் பற்களில் சொத்தை விழுந்து, வலியில் ராத்திரி முழுக்க அழும் குழந்தையைப் பார்த்தவர்கள் அந்த யோசனையைச் சொல்ல மாட்டார்கள். அளவைக் குறையுங்கள், பசையை மாற்றாதீர்கள்.

டியூபைக் குழந்தையின் கைக்கு எட்டாமல் வையுங்கள். இனிப்பாக இருப்பதால் பிதுக்கித் தின்பது நடக்கிற காரியம்தான். கொஞ்சமாக நக்கினால் ஒன்றும் ஆகாது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 மில்லிகிராம் ஃபுளோரைடு என்பது ஆபத்தான எல்லையாகக் கருதப்படுகிறது. 10 கிலோ குழந்தைக்கு அது 1000 பிபிஎம் பசையில் சுமார் 50 கிராம். அதற்குப் பக்கத்தில் போயிருக்கும் என்று சந்தேகம் வந்தால் யோசிக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். போகிற வழியில் பால் கொடுக்கலாம்; பாலில் உள்ள கால்சியம் ஃபுளோரைடைப் பிடித்து வைக்கும்.

படி 3: ராத்திரியைத் தவறவிடாதீர்கள்

ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம். அதில் ஒன்று தூங்கப் போகும் முன் கடைசி வேலையாக இருக்க வேண்டும். காலையில் மட்டும் தேய்ப்பவர்கள் இரண்டில் முக்கியமானதை விட்டுவிடுகிறார்கள்.

தூக்கத்தில் எச்சில் சுரப்பது ஏறக்குறைய நின்றுவிடும். அமிலத்தை மட்டுப்படுத்த ஆள் இல்லாத நேரம் அது. அதே காரணத்தால், வாயில் விட்டுவைத்த ஃபுளோரைடையும் கழுவிக்கொண்டு போக ஆள் இல்லை. பகலில் ஓரிரு மணி நேரத்தில் கரைந்து போவது, ராத்திரியில் கூடுதல் நேரம் தங்கும்.

மென்மையான பிரஷ் போதும். ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சற்றுச் சாய்த்து வைத்து, சின்னச் சின்ன அசைவாகத் தேய்க்கவும். சட்டை காலரைத் தேய்ப்பதுபோல அழுத்த வேண்டாம்.

படி 4: துப்புங்கள், கொப்பளிக்காதீர்கள்

இதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்த படி. பழக்க தோஷத்தில் கை தானாகக் குழாயைத் திறக்கும்.

இப்படிச் செய்யுங்கள். தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்புங்கள். நாக்கால் ஒரு சுற்றுத் துழாவி மறுபடி துப்புங்கள். மூன்றாவது தடவையும் துப்பலாம். உதட்டோரம் ஒட்டியிருப்பதை ஈரக்கையால் துடைத்துக்கொள்ளுங்கள். பிரஷைக் கழுவி வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள், தண்ணீரை வாயில் எடுக்காமல். அரை மணி நேரத்துக்கு எதுவும் குடிக்க வேண்டாம், சாப்பிட வேண்டாம்.

முதல் நாள் வாயெல்லாம் பிசுபிசுவென்று இருக்கும். பசையின் காரம் நாக்கில் நிற்கும். எனக்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. இப்போது கொப்பளித்தால்தான் ஏதோ போல இருக்கிறது. துப்பிய பிறகு வாயில் மிஞ்சுவது மிகக் கொஞ்சம் என்பதால் பெரியவர்கள் விழுங்கிவிடுவோமோ என்று கவலைப்பட வேண்டியதில்லை.

சுத்தமாக முடியவே இல்லை என்பவர்களுக்கு ஒரு நடுவழி இருக்கிறது. நுரையை முழுக்கத் துப்பாமல், ஒரே ஒரு வாய் தண்ணீரை, சின்னதாக எடுத்து, நுரையோடு கலந்து பற்களுக்கு இடையில் ஒரு நிமிடம் அலசித் துப்புங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மவுத்வாஷ் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். தினசரி உபயோகத்துக்கான ஃபுளோரைடு மவுத்வாஷில் வழக்கமாக இருப்பது சுமார் 225 பிபிஎம். 1450 பிபிஎம் பசையைப் பூசிவிட்டு, உடனே 225-ஐ ஊற்றிக் கழுவினால் நஷ்டம்தான். மதியம் சாப்பிட்ட பிறகு என்று வேறொரு நேரத்துக்கு அதை மாற்றிவிடுங்கள். 6 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கவே வேண்டாம், விழுங்கிவிடுவார்கள்.

படி 5: பல்லுக்கு ஓய்வு கொடுங்கள்

எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் எனாமலைப் பாதிக்கிறது. ஒரு முழு இனிப்பை ஐந்து நிமிடத்தில் தின்று முடித்தால் ஒரு முறை பிஎச் இறங்கி ஏறும். அதே இனிப்பை மேஜையில் வைத்து மூன்று மணி நேரம் கொறித்தால் பிஎச் ஏறவே விடுவதில்லை. ஏறினால்தானே ஃபுளோரைடு தாதுவைத் திரும்பச் சேர்க்க முடியும்? சர்க்கரை போட்ட பானத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காகச் சப்பிச் சப்பிக் குடித்தபடி வேலை பார்ப்பவர்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டியது.

புளிப்பான பானம் குடித்தாலோ வாந்தி எடுத்தாலோ உடனே பிரஷை எடுக்காதீர்கள். எனாமலின் மேற்பரப்பு இளகியிருக்கும் நேரம் அது. வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு (இங்கே கொப்பளிக்கலாம், கொப்பளிக்க வேண்டும்), அரை மணி அல்லது ஒரு மணி நேரம் கழித்துத் தேய்க்கலாம்.

யாருக்குக் கூடுதலாக வேண்டும்

பல்லுக்குக் கம்பி போட்டிருப்பவர்கள், மாத்திரைகளாலோ கதிர்வீச்சுச் சிகிச்சையாலோ வாய் வறண்டிருப்பவர்கள், ஈறு இறங்கி வேர் வெளியே தெரிபவர்கள், அடிக்கடி சொத்தை விழுபவர்கள். வேரின் மேல் எனாமல் கிடையாது. அது எனாமலைவிடச் சீக்கிரமே கரையத் தொடங்கும். இவர்களுக்குப் பல் மருத்துவர் 5000 பிபிஎம் பசையை எழுதிக் கொடுக்கலாம். அதை நாமாக வாங்கிப் பயன்படுத்தக் கூடாது.

ஃபுளோரைடு வார்னிஷ் என்று ஒன்றும் இருக்கிறது. 22,600 பிபிஎம், பிசின் மாதிரி இருக்கும். பல்லைத் துடைத்துவிட்டுச் சின்னத் தூரிகையால் தடவுவார்கள், எச்சில் பட்டதும் இறுகிக்கொள்ளும். வருடத்துக்கு இரண்டு முதல் நான்கு முறை போதும். அன்றைக்கு ராத்திரி பிரஷ் வேண்டாம், கெட்டியாக எதையும் கடிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புவார்கள். குழந்தைகளுக்கும் போடலாம்.

குடிநீரைப் பற்றி இரண்டு வரி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. உங்கள் நிலத்தடி நீரில் அதிகம் என்று தெரிந்தால், கொதிக்கவைத்துப் பயனில்லை. தண்ணீர் ஆவியாகி ஃபுளோரைடின் அடர்த்தி ஏறத்தான் செய்யும். ஆர்ஓ வடிகட்டி குறைக்கும்.

ஃபுளோரைடால் முடியாததும் உண்டு. ஓட்டை விழுந்துவிட்டால் அதை மூடாது, அதற்கு அடைக்கத்தான் வேண்டும். கடைவாய்ப் பற்களின் மேலுள்ள ஆழமான பள்ளங்களில் பிரஷின் முள் நுழையாது. அங்கே பள்ளத்தை மூடும் சீலன்ட் என்கிற பூச்சைப் பூசுவது நல்லது. இரண்டு பற்களுக்கு நடுவே படலத்தை எடுக்காமல் விட்டால் ஃபுளோரைடு அங்கே சரியாக எட்டாது, எனவே பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல் (ஃபிளாஸ்) வேண்டும்.

படி 6: கீற்றைக் கண்காணியுங்கள்

நல்ல வெளிச்சத்தில் உதட்டைத் தூக்கிப் பிடித்து, டிஷ்யூவால் பல்லைத் துடைத்து, சில விநாடி வாயைத் திறந்தே வைத்திருங்கள். உலர்ந்ததும் ஈறை ஒட்டிய பகுதியைப் பாருங்கள். கீற்று மங்கலாக, சுண்ணாம்புபோல் இருந்தால் கரைதல் நடந்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம். பளபளப்பாகியிருந்தால் நின்றுவிட்டது என்று அர்த்தம். நிறம் முழுதாக மறைய வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். மேற்பரப்பு முதலில் அடைபட்டுவிடுவதால், அடியில் உள்ள துளைகள் பல சமயம் அப்படியே நின்றுபோகும். மாதம் ஒருமுறை ஒரே இடத்தில் நின்று போனில் படம் எடுத்து வைத்தால் ஒப்பிட வசதி.

ஆறு மாதம் கழித்து அதே நாற்காலியில் உட்கார்ந்தேன். டாக்டர் அதே பல்லை ஊதி உலர்த்தினார். கீற்று அங்கேயேதான் இருந்தது, கொஞ்சம் சின்னதாக. விளக்கைச் சாய்த்துப் பிடித்து, "ஒளி பட்டு மின்னுது பாருங்க" என்றார். மின்னியது. அடுத்த முறை ஒரு வருடம் கழித்து வந்தால் போதும் என்று சொல்லி, வாய் கொப்பளிக்கச் சின்னக் கோப்பையில் தண்ணீர் கொடுத்தார். நான் தயங்கியதைப் பார்த்து, "இன்னைக்குப் பேஸ்ட் எதுவும் போடலை, கொப்பளிங்க" என்றார்.